பின்வாசல் தூரம்

ஜூன் 3, திங்கள்

இரண்டு முட்டியும் வீங்கியிருக்கின்றன. எழுதாமல் படுத்தால் இந்த ஆத்திரம் விடியும்வரை தூங்கவிடாது. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் சலவைக்கூடத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோய் இன்று முதல் நாள். இதுவரை வேலைக்கு நடந்தே போய்வந்தேன். இனிமேல் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பெல்லாம் ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் துவைபடும். பத்துக் கிலோமீட்டருக்கு மேல் இருப்பவர்களுக்குக் கம்பெனி வேன். அதற்குள் இருப்பவர்கள் தங்கள் பாட்டைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் பஸ் இந்தப் பக்கம் வருவதற்குள் காலை ஷிப்ட் ஆரம்பித்துவிடுகிறது. ஆக, சைக்கிள்.

ஓரகத்திக்கு வேன் உண்டு. எனக்கு இல்லை.

வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீடு! அவள் வீட்டுக்காரர் அண்ணன், என் வீட்டுக்காரர் தம்பி. மாமனார் போன பிறகு வீட்டை இரண்டாக்கினார்கள். முன்பாதி அவர்களுக்கு, பின்பாதி எங்களுக்கு. நடுவில் இருக்கும் கதவுக்கு அவர்கள் பக்கம் பூட்டு. அவள் ஒரு டம்ளரைக் கீழே போட்டால் எனக்கு இங்கே தூக்கிவாரிப் போடுகிறது. அவ்வளவு பக்கம். ஆனால் கம்பெனிக்கு அவள் தூரம், நான் கிட்டம்.

போக்குவரத்து ஆபீசர் தன் போனில் அளந்தாராம். (எல்லோரும் அவரை டேப்பு என்றுதான் சொல்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன், மரியாதை என்ன கேடு.) முன்வாசலிலிருந்து அளந்தால் பத்தைக் கொஞ்சம் தாண்டுகிறது. என் வாசல் பின்சந்தில். அங்கிருந்து அளந்தால் ஒன்பதே முக்கால். ஏனென்றால் சந்தின் கோடியில் ரயில் தண்டவாளத்தைத் தாண்ட ஒரு நடைமேம்பாலம் இருக்கிறது. இருக்கிறது, யார் இல்லை என்றது? அத்தனையும் படிக்கட்டு. சைக்கிளைத் தலையில் வைத்துக்கொண்டா ஏறுவேன்?

அதனால் சந்தை விட்டு மறுபக்கமாக வெளியே வந்து, ஒரு சுற்றுச் சுற்றி முன்தெருவுக்கு வந்து, அவள் வாசலைத் தாண்டித்தான் நான் போயாக வேண்டும். அவளை விட எனக்குத்தான் தூரம் அதிகம். இன்று காலை அந்த வாசலில் கைப்பையை மாட்டிக்கொண்டு வேனுக்காக நின்றாள். என்னைப் பார்த்ததும் வானத்தைப் பார்த்தாள். அங்கே என்ன தொங்குகிறதோ.

ஜூன் 4, செவ்வாய்

டேப்பிடம் போய்க் கேட்டேன்.

"மேப் என்ன காட்டுதோ அதாம்மா தூரம்."

"மேப்புக்கு முட்டி வலிக்காது சார்."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "முன்வாசல் வழியாத்தான் நீங்க போய் வர்றீங்கன்னு அந்த வீட்டுக்காரங்க ஒரு வார்த்தை சொல்லட்டும். உங்க பேருக்கும் அந்த வாசலையே போட்டுக்கறேன்" என்றார்.

ஒரு வார்த்தை. அந்த வீட்டிலிருந்து எனக்கு ஒரு வார்த்தை வந்து எவ்வளவு காலம் ஆகிறது என்று இவருக்கு எங்கே தெரியப்போகிறது.

ஜூன் 6, வியாழன்

என் வீட்டுக்காரரைப் பிடித்துத் தள்ளாத குறையாக அண்ணனிடம் அனுப்பினேன். போன சுருக்கில் திரும்பி வந்து செருப்பை ஓரமாக விட்டார். முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது.

அண்ணன் வாயே திறக்கவில்லையாம். பேசியது அவள்தான். "இன்னைக்கு வேனுக்காக வழி விட்டா நாளைக்கு அதுவே பாத்தியதை ஆயிடும். அப்புறம் கதவைத் திற, வராந்தாவைக் குடுன்னு கோர்ட்ல போய் நிப்பாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்றது? சரி அண்ணின்னு வந்துட்டேன்."

சரி அண்ணியாம்! பாத்தியதை கேட்க அது என்ன அரண்மனையா? காரை பெயர்ந்த வராந்தா. எனக்கு வேண்டியது அவள் வீட்டு விலாசம்தான், வீடு இல்லை. இவரையும் நாலு வாங்கு வாங்கினேன். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டு டியூட்டிக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

ஜூன் 10, திங்கள்

லேட். முதல் தடவை.

பாலத்தில் காற்று. ஆற்றில் தண்ணீர் இல்லாவிட்டாலும் காற்றுக்குக் குறைச்சல் இல்லை. மிதிக்கிறேன், மிதிக்கிறேன், விளக்குக் கம்பம் அதே இடத்தில் நிற்கிறது. வேன் என்னைத் தாண்டிப் போனது. ஜன்னலோரம் அவள். போனைப் பார்ப்பதுபோல் பாவனை. அந்தப் போன் அணைந்து கிடந்தது, கண்ணாடியில் நான் பார்த்தேன். இல்லை, பார்த்திருக்க முடியாது. ஆனால் எனக்குத் தெரியும்.

மூன்று தடவை லேட்டானால் ராத்திரி ஷிப்டுக்குத் தள்ளிவிடுவார்கள். புது இடத்தில் புதுச் சட்டம். இவர் கிடங்குக் காவலுக்குப் போகிறார், ராத்திரி வேலை. நானும் ராத்திரிக்குப் போனால் மகள் தனியாக இருக்க வேண்டும். பதினாறு வயதுப் பெண், பின்சந்து, தெருவிளக்கு எரிந்தால் எரியும். சுவருக்கு அந்தப் பக்கம் பெரியப்பா பெரியம்மா இருந்து என்ன, கூப்பிட்டால் திறக்காத கதவு.

இதெல்லாம் அவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் வானத்தைப் பார்க்கிறாள்.

ஜூன் 13, வியாழன்

முன்வீட்டில் சிரிப்புச் சத்தம். எதற்காம்?

ஜூன் 18, செவ்வாய்

புது இடத்தில் பெரிய உருளை மெஷின். ஈர விரிப்பை இந்த முனையில் ஒருத்தி, அந்த முனையில் ஒருத்தி பிடித்து, உதறி, சரிசமமாக உள்ளே கொடுக்க வேண்டும். சூடான உருளை அதை இழுத்து அந்தப் பக்கம் மொரமொரவென்று தள்ளும். கோணலாகக் கொடுத்தால் சுருண்டுகொள்ளும், மெஷின் நின்றுவிடும்.

எனக்கு எதிர்முனையில் யாரைப் போட்டிருக்கிறார்கள்? அவளைத்தான். உயரம் சமமாக இருக்கிறதாம். சூப்பர்வைசர் அம்மாவுக்கு எங்கள் கதை தெரியாதா, அல்லது தெரிந்து வேடிக்கை பார்க்கிறாரா?

பேசுவதே இல்லை. உதறுவதில்தான் பேச்சு. நான் வெடுக்கென்று இழுத்தால் அவள் பக்கம் துணி நழுவும். அவள் தளரவிட்டால் ஈரமுனை என் முகத்தில் அறையும். இன்று மூன்று தரம் அறைந்தாள். தற்செயலாம். நானும் ஒரு தரம் தற்செயலாக இழுத்தேன், நகம் பெயரும் அளவுக்கு. "ஸ்ஸ்" என்றாள். மனதுக்கு இதமாக இருந்தது.

இத்தனைக்கும் ஒரு விரிப்பு கூடக் கோணவில்லை. இந்தக் கூடத்திலேயே வேகமான ஜோடி நாங்கள்தானாம்.

ஜூன் 21, வெள்ளி

இரண்டாவது லேட். பாலத்துக்கு முன்னால் பஞ்சர். மீதித் தூரம் முழுக்க உருட்டிக்கொண்டே ஓடினேன். நேரம் குறிக்கிற மெஷினில் விரலை வைத்தபோது விரல் வியர்வையில் வழுக்கியது, இரண்டு முறை ஏற்கவில்லை. மூன்றாவது முறை ஏற்றுக்கொண்டு சிவப்பு விளக்கைக் காட்டியது.

இன்னும் ஒன்று. அவ்வளவுதான்.

இனி பொறுப்பதற்கில்லை என்று பெரிய மானேஜர் அறைக்கே போய்விட்டேன். டேப்பும் அங்கே இருந்தார். "சார், ஒரே வீட்டுக்கு ரெண்டு தூரம் இருக்குமா? ஒன்னு எனக்கும் வேன் குடுங்க, இல்லாட்டி அவங்களுக்கும் குடுக்காதீங்க. எல்லாரையும் ஒரே மாதிரி அளங்க. நான் கேக்கறது நியாயம்தானே?"

மானேஜர் தலையாட்டினார். "நியாயம்தான்" என்று டேப்பைப் பார்த்தார்.

திரும்பி வரும்போது பாலத்தில் காற்று முதுகில் அடித்தது. பறந்து வந்தேன். பாட்டுகூட முணுமுணுத்தேன் என்று நினைக்கிறேன்.

ஜூன் 26, புதன்

தகவல் பலகையில் ஒட்டிவிட்டார்கள். எல்லோரையும் ஒரே மாதிரிதான் அளந்திருக்கிறார்கள். தெருவும் இல்லை, சந்தும் இல்லை. வீட்டிலிருந்து கூடத்துக்கு நேராக ஒரு கோடு. காக்கை பறக்கிற வழி. அப்படிப் பார்த்தால் எங்கள் பக்கத்துப் பெண்கள் ஒருத்திகூடப் பத்தைத் தொடவில்லை.

வேன் இனிமேல் எங்கள் பக்கமே வராது. பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஒரே நாளில் வேனில் இடம் போயிற்று.

டேப்பு என்னைப் பார்த்துச் சொன்னார்: "நீங்கதானேம்மா நியாயம் கேட்டீங்க?"

அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

ஜூன் 27, வியாழன்

எனக்குப் பட்டப்பெயர் வைத்தாகிவிட்டது. நியாயக்காரி. "நியாயக்காரி வராங்க, வழி விடுங்கடி." சாப்பாட்டு மேஜையில் நான் உட்கார்ந்ததும் அந்தப் பக்கம் காலியானது. குண்டூசி — வாயும் அப்படி, உடம்பும் அப்படி, மடிப்புப் பகுதியில் இருக்கிறாள் — தட்டை எடுத்துக்கொண்டு போகும்போது, "தனக்கு இல்லாதது ஊருக்கே வேணாம்னு ஒரு மனசு பாரேன்" என்று சத்தமாகச் சொன்னாள்.

நான் சொன்னது அதுவா? "ஒன்னு எனக்கும் குடுங்க" என்றுதானே முதலில் சொன்னேன். அதன் பிறகு இன்னொன்றும் சொன்னேன், சரி. அதை மட்டும் அந்த ஆளின் காது பிடித்துக்கொண்டால் நான் என்ன செய்ய?

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இங்கே யார் பார்க்கப்போகிறார்கள். அவள் வேனும் போனதில் எனக்குச் சந்தோஷம். மற்றவர்களுக்காக வருத்தம்தான். அவளுக்காக இல்லை.

ஜூலை 1, திங்கள்

முன்வாசலில் ஒரு சைக்கிள். யாரிடமோ வாங்கிய பழசு, சீட்டு உயரம். ஓரகத்தி பள்ளிக்கூடத்துக்குப் பிறகு சைக்கிளைத் தொட்டதில்லை. ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள். ஹேண்டில் இரண்டு பக்கமும் ஆடியது. நான் தாண்டும்போது மணியை ஒரு அடி அதிகமாகவே அடித்தேன். திடுக்கிட்டுக் குப்பைத்தொட்டியில் போய் முட்டினாள்.

வழி நெடுக சிரித்துக்கொண்டே மிதித்தேன். கூடத்தில் அவள் உள்ளங்கையெல்லாம் சிராய்ப்பு. ஈர விரிப்பைப் பிடிக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டாள். இன்று நான் வெடுக்கென்று இழுக்கவில்லை. இழுத்தால் மெஷின் நின்றுவிடும், அதனால்தான்.

அவளுக்கு இன்று முதல் லேட்.

ஜூலை 8, திங்கள்

ஒரு கூத்து. சில நாட்களாகப் பாலத்துக்கு வந்தால் எனக்குப் பின்னால் ஒரு கூட்டம். குண்டூசி, கறை நீக்குகிற பெண்கள் இரண்டு பேர், இன்னும் நாலைந்து பேர். என்னோடு பேச மாட்டார்கள். ஆனால் என் பின்சக்கரத்தை விட மாட்டார்கள். நான் வேகமாகப் போனால் அவர்களும் வேகம், மெதுவாகப் போனால் அவர்களும் மெதுவாக. வேவு பார்க்கிறார்களோ என்று பார்த்தேன். இன்றுதான் புரிந்தது. காற்றை முழுக்க நான் நெஞ்சில் வாங்கிக்கொள்கிறேன். என் பின்னால் வருபவர்களுக்கு மிதி லேசாக இருக்கிறது.

வெட்கம் கெட்ட ஜென்மங்கள். முகத்தைப் பார்க்கப் பிடிக்காது, முதுகு மட்டும் வேண்டும்!

எல்லோருக்கும் கடைசியில், தனியாக, ஓரகத்தி. மற்றவர்கள் மாதிரி ஒட்டிக்கொண்டு வர அவளுக்குத் தெரியவில்லை. அல்லது என் முதுகு அவளுக்கு வேண்டாம்.

ஜூலை 11, வியாழன்

மகள் சொன்னாள், "பெரியம்மாவுக்கும் ரெண்டு லேட் ஆயிடுச்சாம்மா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

தண்ணீர்க் குழாயடியில் பெரியம்மாவே சொன்னாளாம். அவளுடைய சின்னக் குழந்தைக்கு மூச்சிழுப்பு அதிகமாம், ராத்திரியில் மூச்சு முட்டினால் நிமிர்த்தி உட்காரவைத்து முதுகைத் தடவிக்கொண்டே இருக்க வேண்டுமாம். பெரியப்பா கை பட்டால் அது இன்னும் அழுமாம். "பெரியம்மா ராத்திரி ஷிப்டுக்குப் போயிட்டா பாப்பா என்னம்மா பண்ணும்?"

"அதை என்கிட்ட ஏன் கேக்கற? நீ தனியா இருக்கணும்னு அவங்க யோசிச்சாங்களா?"

மகள் புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். இவள் எப்போதிருந்து குழாயடியில் அந்தக் கூட்டத்தோடு பேசுகிறாள்? சின்னதின் இருமல் எனக்கும்தான் கேட்கிறது. சுவர் ஒற்றைக்கல். எதுதான் கேட்கவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

நான் செய்ததை நானே நம்ப முடியவில்லை. வரிசையாக எழுதினால்தான் பிடிபடும்.

காலையில் பேய்க்காற்று. பாலத்தில் ஏறும்போதே முன்சக்கரம் விலகியது. பின்னால் வழக்கமான வால் கூட்டம். லாரிகள் உரசிக்கொண்டு போகிற பாலம், சைக்கிளுக்கு ஓரத்தில் ஒரே ஒரு ஒடுங்கிய தடம், இரண்டு பக்கமும் கம்பி. இப்படியே மிதித்தால் மயிரிழையில் நேரத்துக்குப் போய்விடலாம் என்று கணக்கு.

பாதிப் பாலத்தில் திரும்பிப் பார்த்தேன். ஏன் பார்த்தேன்? தெரியவில்லை. அவள் தூரத்தில் சைக்கிளை விட்டு இறங்கி, தலையைக் குனிந்துகொண்டு தள்ளிக்கொண்டு வந்தாள். காற்று அவள் பையைத் தூக்கி முகத்தில் அடித்தது. ஒரு கையால் பையை விலக்கினால் சைக்கிள் சாய்கிறது. சைக்கிளைப் பிடித்தால் பை அடிக்கிறது.

சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. போ, ராத்திரிக்கே போ, சுவருக்கு அந்தப் பக்கம் நிம்மதி. நாலு மிதி மிதித்தேன். அந்தக் குளிர்ச்சி அதற்குள் போய்விட்டது. எங்கே போனது என்று எனக்கே ஆத்திரம். இருமலா, மகள் கேட்டதா, என்ன எழவோ. அவள் மேல் இருந்த கோபத்தை விட என் மேல் எனக்குக் கோபம் வந்தது.

பிரேக்கைப் பிடித்தேன். சைக்கிளைத் தடத்துக்குக் குறுக்கே போட்டு, பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தேன்.

"என்னாச்சு?" — குண்டூசி. இத்தனை நாளில் என்னிடம் பேசிய முதல் நல்ல வார்த்தை.

"செயின் கழண்டுருச்சு."

"ஓரமா எடுத்துப் போடேன், நாங்க போறோம்."

"இந்தத் தடத்துல ஓரம் எங்கடி இருக்கு? காட்டு, அங்க போடறேன்."

லாரி போகிற பக்கம் இறங்க யாருக்கும் துணிச்சல் இல்லை. பின்னால் ஒவ்வொருத்தியாக வந்து அடைத்துக்கொண்டு நின்றார்கள். திட்டினார்கள் பாருங்கள்! நியாயக்காரி, நாசக்காரி, இன்னும் எழுத முடியாதவை. கறை நீக்குகிற பெண்ணுக்கு அழுகையே வந்துவிட்டது, அவளுக்கும் இது மூன்றாவது. எனக்கும் மூன்றாவதுதான் தாயே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, பெடலைச் சுற்றுவதும் சக்கரத்தைத் தட்டுவதுமாக இருந்தேன். மகள் தனியாக விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது கண்ணுக்கு வந்தது. எழுந்திருடி பைத்தியமே, இப்போது கிளம்பினாலும் போய்விடலாம் என்று ஒரு மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. எழுந்திருக்கவில்லை.

அவள் மூச்சு வாங்க வந்து கடைசியில் நின்றாள். அதன் பிறகு ஒரு நிமிடம் விட்டு, "மாட்டியாச்சு" என்று எழுந்தேன்.

அத்தனை பேரும் ஒன்றாக உள்ளே போனோம். அத்தனை பேருக்கும் சிவப்பு விளக்கு.

இவரிடமும் மகளிடமும் இன்னும் சொல்லவில்லை.

ஜூலை 17, புதன்

நின்ற இடத்தில் எங்களை வரிசையாக நிறுத்தினார் டேப்பு. மூன்று ஆனவர்கள் எல்லோரும் திங்களிலிருந்து ராத்திரி என்றார். பாதிக்கு மேல் முன்னால் வந்தார்கள். நானும் வந்தேன். ஓரகத்தியும்.

சூப்பர்வைசர் அம்மா உருளை மெஷினைக் காட்டி, "இவங்களை அனுப்பிட்டு காலைல இதை யார் ஓட்டுறது? நீங்க ஒரு முனை, நான் ஒரு முனையா? ஆபரேஷன் தியேட்டருக்குத் துணி போகலைன்னா போன் உங்களுக்கு வருமா எனக்கு வருமா?" என்றார்.

டேப்பு மானேஜர் அறைக்குப் போனார். கதவு சாத்தப்பட்டது. எங்களை வேலையைப் பார்க்கச் சொல்லிவிட்டார்கள்.

இதையெல்லாம் யோசித்துத்தான் நான் பாலத்தை அடைத்தேன் என்று குண்டூசி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சாமர்த்தியக்காரியாம் நான். ஒரு மண்ணும் யோசிக்கவில்லை. அவள் ஒருத்திக்கு மட்டும் சிவப்பு விளக்கு எரிய வேண்டாம் என்று கை தானாகப் பிரேக்கைப் பிடித்தது, அவ்வளவுதான்.

ஜூலை 19, வெள்ளி

இன்னும் முடிவு சொல்லவில்லை. மகளிடம் சொல்லிவிட்டேன். "பரவால்லம்மா, தாழ்ப்பாள் போட்டுப்பேன்" என்றாள். அதுதான் இன்னும் வலித்தது.

சாயங்காலம் கடைசி வண்டித் துணி. எதிர்முனையில் அவள். உதறி, இழுத்து, உருளைக்குள் கொடுக்கும்போது, என்னைப் பார்க்காமல், துணியைப் பார்த்துச் சொன்னாள்:

"உன் சைக்கிளுக்குத்தான் செயின் மேல முழுசா தகரம் மூடியிருக்கே. நாலு திருகு கழட்டாம செயின் கண்ணுலயே படாது. எப்படி மாட்டினே?"

காது சுட்டது. மெஷின் சூடாக இருக்கும்.

"துணியை நேராப் புடிங்க," என்றேன்.

பிடித்தாள்.

ஜூலை 24, புதன்

காலை ஷிப்டை அரை மணி நேரம் தள்ளி வைத்துவிட்டார்கள். எல்லோருக்கும். பழைய லேட்டெல்லாம் தள்ளுபடி. முதல் பஸ்ஸில் வந்தால்கூடப் போதுமாம், பாதிப் பேர் அதற்கு மாறிவிட்டார்கள். வேன் மட்டும் போனது போனதுதான், அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மகளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். அவள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

நான் பஸ்ஸுக்கு மாறவில்லை. முட்டி பழகிவிட்டது. முன்வாசலிலும் சைக்கிள் அப்படியே நிற்கிறது. பாப்பாவுக்கு மூச்சு முட்டினால் பஸ்ஸுக்குக் காத்து நிற்காமல் உடனே வீட்டுக்கு ஓடி வரலாமாம், மகள் வந்து சொன்னாள். நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

நேற்றெல்லாம் காய்ச்சல். இன்று விட்டுவிட்டது, உடம்பில் சத்தில்லை. போகாமல் இருந்திருக்கலாம். போனேன்.

பாலத்தில் எதிர்க்காற்று. பாதிகூட ஏறவில்லை, கண் இருட்டிக்கொண்டு வந்தது. பின்னால் மணிச் சத்தம். ஓரகத்தி. என்னை ஒட்டி வந்தாள், ஒரு வார்த்தை இல்லை, உரசாத குறையாகத் தாண்டி எனக்கு முன்னால் போனாள். அடிப்பாவி, காய்ச்சல்காரியைக்கூட முந்துகிறாளே என்று வாய்வரை வந்தது.

ஆனால் அவள் தூரம் போகவில்லை. அங்கேயே, என் முன்சக்கரத்துக்கு ஒரு கை தள்ளி, நின்று நின்று மிதித்தாள். என் முகத்தில் அடித்த காற்று நின்றுவிட்டது.

ஆமை வேகம். ஹேண்டில் இன்னும் ஆடத்தான் செய்கிறது. மற்ற நாளாக இருந்தால் மணியடித்தே கொன்றிருப்பேன். பாலம் முடியும்வரை அவள் பின்னாலேயே போனேன்.